மே மாத பில்லுக்கு ஜூன் மாத விதி பொருந்துமா?

தங்கச்சிமடத்துக்காரி கேட்டது:

ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடை. பெயர் எழுதவில்லை. பாத்திரம், மிக்ஸி, ஃபேன், டார்ச், மழைக்கோட்டு, பிளாஸ்டிக் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பல வருடமாக அந்தக் கடைக்கு ஒரு நல்ல பேர் உண்டு. வாங்கி ஒரு வருடத்துக்குள் என்ன குறை என்றாலும் பில்லோடு கொண்டுபோனால் மாற்றிக் கொடுப்பார்கள், அதே சாமான் இல்லையென்றால் பணத்தைக் கொடுப்பார்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற நாங்கள் பாலம் தாண்டி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் அங்கே வாங்குவதே அதற்காகத்தான். இதே சாமான் ராமேஸ்வரத்திலும் கிடைக்கும், சில நேரம் விலை குறைவாகவும் கிடைக்கும்.

உப்புக்காற்று என்றால் என்ன என்று கடலோரத்தில் குடியிருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் கூண்டு ஒரு மழைக்காலம் தாங்காது, கம்பியில் துரு பூத்துவிடும். கேஸ் அடுப்பின் கால், மிக்ஸியின் அடியில் இருக்கிற ஸ்க்ரூ, கதவுக் கீல் எல்லாம் அப்படித்தான். கம்பெனி கொடுக்கிற வாரண்டி கார்டை எடுத்துப் படித்தால் துருவுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதனால் எங்களுக்குக் கம்பெனி வாரண்டியை விட அந்தக் கடையின் வாக்குதான் பெரிது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். அந்த நாட்களில்தான் படகு வேலை, வலை வேலை பார்ப்போம், அடுத்த தொழிலுக்கு வேண்டிய சாமானும் சேர்ப்போம். மே மாதம் நிவாரணப் பணம் 8,000 ரூபாய் வந்ததும் அந்தக் கடைக்குப் போய், தலையில் மாட்டுகிற டார்ச் இரண்டு (ஒன்று என் கொழுந்தனுக்கு), மழைக்கோட்டு ஒன்று, சோறு கொண்டுபோக ஹாட் பாக்ஸ் ஒன்று எடுத்தோம். பில்லின் பின்பக்கம் "1 வருடத்துக்குள் மாற்றித் தரப்படும்" என்று எப்போதும் போடுகிற சீலைப் போட்டே கொடுத்தார்கள்.

தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போனபோதே இரண்டு டார்ச்சுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டது. பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கொழுந்தனுடையது நடுராத்திரியில் அணைந்தே போனது. வலை இழுக்கிற நேரத்தில் வெளிச்சம் போவது எவ்வளவு ஆபத்து என்று தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும், கை மாட்டினால் விரல் போய்விடும். மழைக்கோட்டில் தோள்பட்டைத் தையல் வழியாக நீர் உள்ளே வருகிறது. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மழை பெய்யாவிட்டாலும் அலை தெறித்து ஆளை நனைத்துவிடும், கோட்டு எடுத்ததே அதற்காகத்தான்.

திருப்பிக் கொண்டுபோனால் கடை வாசலிலேயே புதுப் பலகை. "ஜூன் 1 முதல்: 10 நாட்களுக்குள், பெட்டியுடன், பயன்படுத்தாத பொருள் மட்டும்." நான் வாங்கியது மே மாதம் என்று சொல்லிச் சீலைக் காட்டினேன். "அது பழைய சீல், இப்போ எல்லாருக்கும் பத்து நாள்தான்" என்று கவுண்டரில் இருந்த பையன் சொல்லிவிட்டான். பயன்படுத்தாமல் தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பத்து நாள் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: தடைக்காலத்தில் வாங்கி வைத்த சாமானை நாங்கள் ஜூன் பாதியில்தானே வெளியே எடுக்கிறோம்?

என் பக்கத்தில் உச்சிப்புளியிலிருந்து ஒரு பெரியம்மா, மூடி சரியாகப் பொருந்தாத குக்கரோடு நின்றார். அவரும் மேயில் வாங்கியவர். பத்து நாள் என்றதும் மறுபேச்சு பேசாமல் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு மனது ஆறவில்லை.

கடை தன் விதியை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய வாக்கைக் கொடுத்து விற்ற பொருளுக்குப் புது விதியைப் போடலாமா என்பதுதான் கேள்வி. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? அடுத்து என்ன செய்யலாம்?

---

கீழக்கரை வியாபாரி:

சகோதரி, உங்கள் டார்ச் விஷயத்தில் கடை செய்தது தப்புதான். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கடைக்காரர் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நானும் கடை வைத்திருக்கிறேன், துணிக்கடை. பெருநாளுக்கு முந்தின வாரம் எடுத்துப் போவார்கள். பெருநாள் முடிந்ததும் "அளவு சரியில்லை" என்று வருவார்கள். சட்டையை விரித்தால் அத்தர் வாசம் வரும். காலரில் வேர்வைக் கறை இருக்கும். வாங்க மாட்டேன் என்றால் "அந்தக் கடையில் வாங்கறாங்களே, உனக்கு என்ன?" என்று கேட்பார்கள். பாத்திரக்கடை வைத்திருக்கிற என் மச்சானுக்கு இதைவிடக் கஷ்டம். கல்யாணத்துக்குப் பெரிய பிரியாணிச் சட்டி எடுத்து, ஆக்கி இறக்கி, தேய்த்துக் கழுவி, "கனம் பத்தவில்லை" என்று மூன்றாம் நாள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அடி கருத்திருக்கும்.

வெளியே தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. குறையுள்ள பொருளைத்தான் மொத்த வியாபாரி திரும்ப எடுப்பார், அதுவும் எல்லாவற்றையும் இல்லை. உறை பிரித்த நல்ல பொருளை அவர் தொடக்கூட மாட்டார். அதைப் புதிது என்று சொல்லி அடுத்தவருக்கு விற்பது பாவம். அப்போது மொத்த நஷ்டமும் கடைக்காரன் தலையில். ஆன்லைனில் விலை அடிபடுகிற இந்தக் காலத்தில் ஒரு பொருளில் எவ்வளவு மிச்சம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சட்டி திரும்பி வந்தால் பல சட்டி விற்ற லாபம் போய்விடும்.

ஒரு வருடம் என்பது அந்த முதலாளி பெருந்தன்மையாகக் கொடுத்தது. நாம்தான் அதைக் கெடுத்தோம் என்று எனக்குப் படுகிறது.

---

முன்னாள் கவுண்டர்:

நான் வேறொரு கடையில் சில வருடம் ரிட்டர்ன் கவுண்டரில் இருந்தவள். கீழக்கரை அண்ணன் சொல்வது நடக்கிறதுதான். ஆனால் "நாம்" கெடுத்தோம் என்று சொல்லாதீர்கள். திருப்பிக் கொண்டுவருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுவோம். திரும்பத் திரும்ப வருவது அதே ஆட்கள்தான், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். காரில் வருவார்கள், சத்தம் போடுவார்கள், முதலாளி நம்பர் கையில் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு எந்த விதியும் கிடையாது. எங்கள் கடையில் இப்படிப் பலகை மாட்டின பிறகும் அவர்கள் மாற்றிக்கொண்டுதான் போனார்கள். பலகையைப் பார்த்து திரும்பிப் போனது அந்த உச்சிப்புளி அம்மா மாதிரி ஆட்கள்தான்.

விதியை இறுக்கும்போது முதலாளி கவுண்டர் பிள்ளைகளுக்கு எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார். "இன்னையிலேர்ந்து பத்து நாள்" அவ்வளவுதான். பழைய பில் வந்தால் என்ன செய்வது என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் மாற்றிக் கொடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயமும் இருக்கும். அக்கா, அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. மேலாளரைக் கேளுங்கள். கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து, மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள்.

---

தொண்டிக்காரன், இப்போது பாஸ்டன்:

இதே சண்டை இங்கே அமெரிக்காவில் பெரிதாக நடந்தது. அதன் முடிவு உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவதால் எழுதுகிறேன்.

இங்கிருந்து வடக்கே மெயின் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் எல்.எல்.பீன் என்ற கடை. 1912-ல் ஆரம்பித்தது. ரப்பர் அடியும் தோல் மேல்பாகமும் வைத்துத் தைத்த வேட்டை பூட்ஸ்தான் முதல் சரக்கு. முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்துவிட்டது என்று அவர்களே சொல்வார்கள். நிறுவனர் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்ஸைத் திருத்தி மறுபடி விற்றார். கடையின் பேரே அதில்தான் எழுந்தது. பிறகு நூறு வருடத்துக்கு மேல், எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம் என்பதுதான் அவர்கள் வழக்கம்.

2018 பிப்ரவரி 9-ல் அதை நிறுத்தினார்கள். இனி ஒரு வருடம், ரசீதும் வேண்டும் என்றார்கள். பல வருடம் போட்டுத் தேய்த்த செருப்பு, பழைய சாமான் விற்கிற இடத்தில் எடுத்த சட்டை எல்லாம் கொண்டுவந்து புதுசு கேட்கிறார்கள், 5 வருடத்தில் 25 கோடி டாலர் போயிற்று என்று காரணம் சொன்னார்கள். ஆர்.இ.ஐ. என்ற இன்னொரு கடை 2013-லேயே இதே காரணத்துக்காக ஒரு வருடமாக்கியிருந்தது.

வாடிக்கையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஏமாற்றினவர்களால் நல்லவர்களுக்கும் போயிற்று என்று ஒரு பக்கம். அந்த வாக்கை நம்பித்தானே அதிக விலை கொடுத்தேன் என்று இன்னொரு பக்கம். இல்லினாய்ஸில் ஒருவர் வழக்கே போட்டார். அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த இரண்டாவது பக்கம்தான் நினைவுக்கு வந்தது. பஸ் ஏறிப் போனதும் அந்த வாக்குக்குக் கொடுத்த விலைதானே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 2018 பிப்ரவரி 9-க்கு முன் வாங்கியதற்கு அத்தாட்சி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது என்று விட்டுவிட்டார்கள். அதோடு, ஒரு வருடம் தாண்டினாலும் துணியிலோ தையலிலோ தயாரிப்புக் குறை இருந்தால் பார்த்துச் செய்வோம் என்றும் எழுதி வைத்தார்கள். அவ்வளவு பெரிய கடை பழைய பில்லுக்குப் பழைய வாக்கை வைத்தது. ராமநாதபுரம் கடைக்கு அது முடியாதா?

---

சேதுபதி நகர் வாசி:

நுகர்வோர் வழக்குகளில் கொஞ்சம் பழக்கம் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. அதில் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடவடிக்கைகள் எவை என்று சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பவும் மறுப்பது அதில் ஒன்று. எத்தனை நாளுக்குள்? பில்லில் எவ்வளவு நாள் என்று எழுதியிருக்கிறதோ அதுவரை. பில்லில் ஒன்றும் எழுதவில்லையென்றால் 30 நாள். உங்கள் பில்லில் 1 வருடம் என்று சீல் இருக்கிறது. அதன்பிறகு வாசலில் என்ன பலகை மாட்டினாலும் அந்தப் பில்லை அது மாற்றாது. அந்த உச்சிப்புளி அம்மாவின் பில்லுக்கும் இதேதான்.

கீழக்கரை பாய் சொன்ன பெருநாள் சட்டை வேறு கதை. மனது மாறினதற்காகத் திருப்பிக் கொடுப்பது கடை தருகிற சலுகை. அது சட்டம் கொடுத்த உரிமை கிடையாது, கடை அதை எப்போது வேண்டுமானாலும் இனி விற்பதற்குக் குறைக்கலாம். நீர் புகாது என்று சொல்லி விற்றதில் நீர் புகுந்தால் அது குறை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதிவிட்டதுதான் இந்தக் கடை செய்த குழப்பம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்து வைத்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது.

செய்ய வேண்டியது: முதலில் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் ஆனாலும் சரி, பில்லின் இரண்டு பக்கமும் டார்ச்சின் படமும் சேர்த்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு. ஒரு டார்ச்சுக்காகவா என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் 1915-லேயே முடிந்துவிடும்.

---

பாம்பன் படகுக்காரன்:

அந்தக் கடையில் நான் இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் படகில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பத்து நாள்தான் என்றால் பக்கத்துக் கடையே போதும், பஸ் காசும் மிச்சம், கடைக்காரனும் தெரிந்தவன்.

டார்ச் வாங்கினால் அன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க எரியவிட்டுப் போட்டு வையுங்கள். நல்ல தண்ணீரில் போடுங்கள், உப்புத் தண்ணீரில் போட்டால் அதையே காரணம் சொல்லி மறுப்பார்கள். கண்ணாடிக்குள் பனி பூத்தால் மறுநாளே கொண்டுபோகலாம். கோட்டை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, தோளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

---

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், இடையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

சேதுபதி நகர் அண்ணன் சொன்னபடி எழுதி, பில்லின் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. முன்னாள் கவுண்டர் தங்கச்சி சொன்ன நேரத்துக்கு நேரில் போனேன். மேலாளர் நல்லபடியாகத்தான் பேசினார். முதலில் இதையே சொன்னார், பத்து நாள், பத்து நாள் என்று. 2(47), பில்லில் இருக்கிற கெடு, 1915 மூன்றையும் சொன்னேன். சீலைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளே போய்ப் போன் பேசிவிட்டு வந்து டார்ச் இரண்டுக்கும் பணம் கொடுத்தார். மழைக்கோட்டுக்குப் பதில் வேறு கம்பெனிக் கோட்டு கொடுத்தார். ஹாட் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, அதை நான் கொண்டுபோகவே இல்லை.

எனக்குக் கிடைத்தது போதாது, சீல் போட்ட மே மாத பில்லோடு வருகிற எல்லாருக்கும் இதையே செய்வீர்களா என்று கேட்டேன். செய்வோம் என்றார். அப்படியென்றால் பலகையில் எழுதுங்கள் என்றேன். முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார். இன்னும் எழுதவில்லை என்று போன வாரம் போய் வந்த ஒருவர் சொன்னார். அந்தக் குக்கர் பெரியம்மாவின் பேர்கூட எனக்குத் தெரியாது. உச்சிப்புளி பக்கம் யாராவது இதைப் படித்தால், மே மாத பில் வைத்திருக்கிறவர்களிடம் சொல்லுங்கள்.

கீழக்கரை அண்ணன், நீங்கள் சொன்ன நஷ்டம் எனக்குப் புரிகிறது. கட்டிக் கழித்த சேலையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரிலும் கேவலம்தான். ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பிரியாணிச் சட்டிக்காரரை நிறுத்த ஒரு விதி போட்டால், தண்ணீர் ஏறின டார்ச்சுக்காரி ஏன் அதில் மாட்ட வேண்டும்? பயன்படுத்தாத பொருளுக்குப் பத்து நாள், குறையுள்ள பொருளுக்கு ஒரு வருடம் என்று இரண்டு வரி எழுதினால் போதாதா? கடலுக்குப் போகிற சாமானுக்கு மட்டுமாவது தடைக்காலம் முடிகிற தேதியிலிருந்து நாளை எண்ணலாம். பில் போடும்போதே ஜூன் 15 என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் ஆயிற்று.

---

கீழக்கரை வியாபாரி:

இரண்டு வரி யோசனை நியாயம். என் கடையில் இந்த வாரமே எழுதி மாட்டுகிறேன். தையல் விட்டால், சாயம் போனால் ஆறு மாதம் வரை. அளவு மாற்ற ஏழு நாள், துணியில் இருக்கிற லேபிளோடு.

தடைக்காலத் தேதி யோசனையை என் மச்சானிடம் சொன்னேன். அவர் கடையில் டார்ச், மழைக்கோட்டு விற்பதில்லை, ஆனால் ஐஸ் பெட்டி விற்கிறார். அதற்குச் செய்து பார்க்கிறேன் என்றார்.

---

பாம்பன் படகுக்காரன்:

ஒரு சந்தேகம். என்னிடமும் அந்தக் கடையின் போன வருட பில் ஒன்று இருக்கிறது, ஃபேனுக்கு. ஒரு வருடம் ஆக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. பின்பக்கச் சீல் தெரிகிறது, முன்பக்கம் எழுத்தே இல்லை, வெள்ளையாகிவிட்டது. அது செல்லுமா?

---

சேதுபதி நகர் வாசி:

அது சூட்டில் எழுத்து விழுகிற தாள். வெயில், புழுக்கம், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் எழுத்து மங்கிவிடும். வாங்கின அன்றே போனில் படம் எடுத்து ஒரு ஜெராக்ஸும் போட்டு வைப்பதுதான் வழி. உங்களுக்கு இப்போதைக்கு: ஜி.பே.யில் பணம் கட்டியிருந்தால் அதில் தேதியும் தொகையும் இருக்கும், அதை எடுங்கள். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் போட்டிருந்தால் அதுவும் அத்தாட்சிதான். போன் நம்பர் கொடுத்து வாங்கியிருந்தால் கடைக் கம்ப்யூட்டரில் பில் இருக்கும், நகல் கேளுங்கள். தேதி தாண்டுவதற்குள் போய்விடுங்கள்.